சொந்தக்காரர் மாறினார், சீட்டு மாறவில்லை

2025 மே 25, ஞாயிறு அதிகாலை. லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் நிலையத்திலிருந்து 5.36-க்கு ஒரு ரயில் கிளம்பியது. சவுத் வெஸ்டர்ன் ரயில்வே தனியாரிடமிருந்து அரசின் கைக்கு வந்தபின் ஓடிய முதல் வண்டி அது. ரயிலை மக்களுக்கே மீட்டுத் தருவோம் என்று வாக்குக் கேட்டு வந்த தொழிற்கட்சி அரசுக்குப் பெருமையான காலைதான். ஆனால் அன்று பார்த்துப் பாதையில் பராமரிப்பு வேலை நடந்தது. பயணத்தின் ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தன. தண்டவாள வேலை எந்த ஆட்சியிலும் நடப்பதுதான், அதில் கேலிக்கு ஒன்றுமில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்த வண்டியில் ஏறியவர்களின் கையிலிருந்த டிக்கெட்டைப் பற்றியது. அதன் விலை, அதன் பின்னாலிருந்த விதிகள், எந்த வண்டியில் செல்லும் எதில் செல்லாது என்ற நிபந்தனைகள் எல்லாம் முதல்நாள் இரவு எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன.

பிரிட்டனில் ரயிலைப் பற்றிய விவாதம் முப்பது ஆண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: அரசா, தனியாரா? பயணியை உண்மையில் வதைப்பது கட்டண விதிப்புத்தகம்தான் என்பதும், அது இரண்டு தரப்பினரிடமும் ஒரே மாதிரி பத்திரமாக இருந்து வந்திருக்கிறது என்பதும் என் கட்சி. இதைச் சொல்வதால் தனியார்மயத்துக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகாது. அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம்.

ஜான் மேஜரின் அரசு 1993-இல் ரயில்வே சட்டத்தைக் கொண்டுவந்தது. 1948 முதல் ஒரே நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் ரயிலைப் பிரித்து, தண்டவாளத்தை ரயில்ட்ராக் என்ற கம்பெனிக்கும், பெட்டிகளை வாடகைக்கு விடும் மூன்று கம்பெனிகளுக்கும், வண்டி ஓட்டும் உரிமையை 25 ஒப்பந்தங்களாக ஏலத்துக்கும் விட்டது. ரயில்ட்ராக் நெடுநாள் நிற்கவில்லை. 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் கண்ட தண்டவாளம் உடைந்து ரயில் தடம்புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கம்பெனி முறிந்தது. 2002 முதல் தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற பொது அமைப்பின் பொறுப்பு.

வண்டி ஓட்டும் ஏலத்தின் லட்சணத்தை அறிய லண்டன்–எடின்பரோ கிழக்குக் கடற்கரைப் பாதை ஒன்றே போதும். 2005-இல் ஜி.என்.இ.ஆர். நிறுவனம் பத்தாண்டுக்கு 130 கோடி பவுண்டு தருவதாக ஏலம் எடுத்தது. தாய்க் கம்பெனி நொடித்ததும் விட்டுவிட்டுப் போனது. அடுத்து வந்த நேஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி என்றது, 2009-இல் கைவிட்டது. பிறகு 2015 வரை அரசே ஓட்டியது. அந்த ஐந்தாண்டுச் சொச்சத்தில் ஏறக்குறைய 100 கோடி பவுண்டு கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது, கட்டியவர் யாரும் ஓடவில்லை. இதைப் பார்த்த பின்பும் பாதையை மறுபடி ஏலம் விட்டார்கள். ஸ்டேஜ்கோச்சும் வர்ஜினும் கூட்டாக 330 கோடி தருவதாகச் சொல்லி எடுத்து மூன்றே ஆண்டில் மூச்சு முட்டின. 2018 ஜூனில் பாதை மீண்டும் அரசிடம் வந்து எல்.என்.இ.ஆர். ஆனது. ஏலத்தில் வென்றவர் லாபம் வந்தால் எடுத்துக்கொள்வார், நஷ்டம் வந்தால் சாவியை அரசிடம் வீசுவார். இதைப் போட்டிச் சந்தை என்று அழைத்தது தமாஷ்.

தனியார்மயத்தின் வழக்கறிஞர்கள் ஒரு எண்ணைத் தவறாமல் நீட்டுவார்கள். 1994–95-இல் ஆண்டுக்கு 73 கோடிச் சொச்சமாக இருந்த பயணங்கள், கோவிடுக்கு முன்பு 170 கோடியைத் தாண்டின. பொய்யில்லை. ஆனால் லண்டனின் வேலைவாய்ப்பு, வீட்டு விலை, சாலை நெரிசல் ஆகியவற்றுக்கு இதில் எவ்வளவு பங்கு, கம்பெனிகளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. கோவிட் வந்ததும் பயணிகள் நின்றார்கள். 2020 மார்ச்சில் வரவு செலவு முழுவதையும் அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அன்று முதல் தனியார் கம்பெனிகள் கூலிக்கு வண்டி ஓட்டியவர்களே. ஆக, 2024 நவம்பரில் நிறைவேறிய அரசுடைமைச் சட்டம் ஏற்கெனவே இறந்துபோன ஓர் ஏற்பாட்டுக்கு எழுதிய இறப்புச் சான்றிதழ். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெட்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனிகளை அது தொடவே இல்லை என்பது தனிக் கதை.

இனி டிக்கெட்டுக்கு வருவோம்.

பிரிட்டனில் எத்தனை விதமான ரயில் கட்டணங்கள் இருக்கின்றன என்று 2019-இல் ரயில் கம்பெனிகளின் சங்கமே ஒரு கணக்குச் சொன்னது: சுமார் ஐந்தரைக் கோடி. நாட்டின் மக்கள்தொகை ஏழு கோடியை எட்டவில்லை. இது எப்படி வந்தது? தனியார்மயத்தின்போது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எந்த நிலையத்திலிருந்தும் எந்த நிலையத்துக்கும் ஒரே டிக்கெட் வாங்க முடிய வேண்டும், அது எந்தக் கம்பெனியின் வண்டியிலும் செல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கட்டாயமாக்கினார்கள். அதற்காக எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலான பயணத்துக்கும் ஒரு ‘முதன்மைக் கம்பெனி’ விலை வைக்கும். வசூலான பணத்தை, கால அட்டவணையைப் பார்த்து ஆர்காட்ஸ் என்ற கணினிக் கணக்கு கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். பயணி எந்த வண்டியில் ஏறினார் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. எந்த வண்டியில் ஏறியிருக்கக்கூடும் என்ற ஊகம்தான். ஆகவே அடுத்தவர் பாதையில் ஒன்றிரண்டு வண்டியை ஓட்டினாலே பங்கில் ஒரு துண்டு கிடைக்கும். இதற்கு ரயில் வட்டாரத்தில் ‘ஆர்காட்ஸ் கொள்ளை’ என்றே பெயர்.

இந்தப் பொதுப் பங்கீட்டிலிருந்து தப்ப இன்னொரு வழி இருந்தது. ‘எங்கள் வண்டியில் மட்டும்’ என்று முத்திரை குத்திய மலிவு டிக்கெட்டை விற்றால் முழுப் பணமும் தனக்கே. லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு யூஸ்டன் நிலையத்திலிருந்து அவந்தியும் லண்டன் நார்த்வெஸ்டர்னும் போகின்றன. மேரிலபோன் நிலையத்திலிருந்து சில்டர்ன் போகிறது. ஒரே ஊருக்கு எல்லா வண்டிக்குமான விலை ஒன்று, தனித்தனிக் கம்பெனி விலைகள் வேறு. லண்டன் நார்த்வெஸ்டர்னின் மலிவு டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே யூஸ்டனில் பக்கத்து நடைமேடையில் நிற்கும் அவந்தியில் ஏறினால் அது வித்தவுட்.

போட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். கட்விக் விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சமாதானமும் கழன்று விழும். அங்கிருந்து லண்டனுக்கு கட்விக் எக்ஸ்பிரஸ், சதர்ன், தேம்ஸ்லிங்க் என்று மூன்று பெயர்களில் வண்டிகள் ஓடின. மூன்றுக்கும் விலை ஒன்றில்லை. எக்ஸ்பிரஸ் என்ற பெயருக்குத் தனி விலை, தேம்ஸ்லிங்க் மட்டும் என்றால் மலிவு. ஆனால் மூன்றையும் ஓட்டியது ஒரே கம்பெனி. தன்னோடு தானே போட்டி போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டியும் ஒரு கைக்குழந்தையுமாக விமானத்திலிருந்து இறங்கியவரிடம் மூன்று விலைப் பலகைகளைக் காட்டியது. விவரம் தெரியாமல் அவர் எதை வாங்கியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

பிரித்து வாங்கும் வித்தையும் இங்கிருந்து பிறந்ததுதான். காலை நெரிசல் நேரத்தில் லண்டன் பாடிங்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒரே டிக்கெட்டாக வாங்காமல், டிட்காட் வரை ஒன்று, டிட்காட்டிலிருந்து பிரிஸ்டலுக்கு ஒன்று என வாங்கினால் பலமுறை மொத்தம் குறையும். அதே வண்டி, அதே இருக்கை. டிட்காட்டில் இறங்கவும் வேண்டாம். வண்டி அங்கே நின்றால் போதும். பயண விதிகளிலேயே இதற்கு அனுமதி உண்டு. இதற்கென்று இணையக் கம்பெனிகள் கிளம்பி, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு பிரித்துத் தருகின்றன. ஒரு நாட்டின் கட்டண அட்டவணையில் இருக்கும் ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் காட்டுவதே ஒரு வியாபாரமாக நடக்கிறது என்றால், அந்த அட்டவணையைப் பற்றிச் சொல்ல வேறு சாட்சி வேண்டியதில்லை. பாட்டியும் பேரனுமாகப் பிரிஸ்டலுக்குப் போகும் சாதாரணக் குடும்பத்துக்கு இந்த வித்தை தெரியாது. தெரியாதவரிடம் கூடுதலாகவும் தெரிந்தவரிடம் குறைவாகவும் வாங்கும் கட்டணத்தைப் பொதுச் சேவைக் கட்டணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சிக்கலைப் பயணிக்குப் பெயர்த்துச் சொல்லக் கவுன்டரில் ஒருவர் இருந்தார். 2023 ஜூலையில் இங்கிலாந்தின் டிக்கெட் கவுன்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிடலாம் என்று கம்பெனிகள் கிளம்பின. இரண்டு மாதத்தில் ஏழரை லட்சம் பேர் கருத்து எழுதினார்கள். அக்டோபர் கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. மக்கள் கவுன்டரைக் காப்பாற்றியதாக அன்று எழுதினார்கள். எனக்கென்னவோ, விதிப்புத்தகத்தை ஒரு மனிதர் இல்லாமல் படிக்க முடியாது என்று ஏழரை லட்சம் பேர் வாக்குமூலம் கொடுத்ததாகத்தான் பட்டது.

தெரியாமல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 இலையுதிர்காலத்தில் வெளிவந்த ஒரு வழக்கு. 22 வயதுப் பட்டதாரி ஒருவர் கிழக்கு மான்செஸ்டர் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மான்செஸ்டருக்குக் காலையில் ரயிலேறினார். கையில் எந்த நேரத்திலும் செல்லும் ‘எனிடைம்’ வகை டிக்கெட். 16–25 வயதினருக்கான ரயில்கார்டு சலுகையில், மூன்றில் ஒரு பங்கு குறைத்து வாங்கியது. அந்தக் கார்டில் ஒரு விதி உண்டு: வாரநாளில் காலை 10 மணிக்கு முன் பயணம் என்றால் குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. அவர் போன தூரத்துக்கு முழுக் கட்டணமே 12 பவுண்டு கிடையாது. ஆக, அவர் சலுகையே இல்லாமல் வாங்கியிருக்க வேண்டும். வித்தியாசம் 1.90 பவுண்டு. அங்கேயே கட்டுகிறேன் என்றார். பரிசோதகர் புகார் எழுதினார். பிறகு வீட்டுக்கு வழக்கு மிரட்டல் கடிதம் வந்தது. செய்தி பரவியதும் நார்தர்ன் நிறுவனம் அவர் மீதான நடவடிக்கையைக் கைவிட்டது. அதே கார்டு தொடர்பாக நிலுவையிலிருந்த மற்ற வழக்குகளையும் விலக்கிக்கொண்டது.

இந்தக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பலர் சொல்லாமல் விட்ட ஒரு விவரம்தான் என் வாதத்துக்கு வேண்டியது. நார்தர்ன் அப்போது தனியார் கம்பெனி கிடையாது. 2020 மார்ச் முதல் அது அரசின் சொத்து.

அந்தப் பட்டதாரியின் கதை வெளிவர இரண்டு மாதம் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. சிறு குற்றங்களை, குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் வராமலே ஒரு நீதிபதி காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கும் விரைவு முறை இங்கிலாந்தில் உண்டு. ரயில் கம்பெனிகள் 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் கட்டண ஏய்ப்பு வழக்குகளையும் அதில் தள்ளிவிட்டிருந்தன. அப்படித் தள்ளச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் தலைமை மாஜிஸ்திரேட் பால் கோல்ட்ஸ்பிரிங் ஆறு மாதிரி வழக்குகளை எடுத்துச் செல்லாது என்றார். அதே வகையில் ரத்தாக வேண்டியவை சுமார் 75,000. கட்டணம் கொடுக்காதவரைச் சட்டம் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். வேண்டுமென்றே வித்தவுட்டில் போகிறவரின் செலவை மற்றவர்கள்தான் சுமக்கிறார்கள். ஆனால் ரயில்வே பைலா 18-இன் கீழ், ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று நிரூபிக்கவே தேவையில்லை. ஐந்தரைக் கோடிக் கட்டணங்களை வைத்துக்கொண்டு, தவறினவரின் எண்ணத்தைக் கேட்க மாட்டோம் என்கிற விதி, ஏய்ப்பவரையும் ஏமாந்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. 2025 ஜூனில் வெளிவந்த ரயில் ஒழுங்காற்று அமைப்பின் ஆய்வும் கட்டணச் சிக்கலையும், கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் நடத்தையையும் சுட்டியது.

அரசின் கையில் இருந்தால் டிக்கெட் எளிதாகும் என்பவர்களுக்கு எல்.என்.இ.ஆர். ஒரு நல்ல சோதனைச் சாலை. ஏழாண்டுக்கும் மேல் அரசிடம் இருக்கிறது. 2023-இல் அது ஒரு நல்ல காரியம் செய்தது. போகவர டிக்கெட்டை விட ஒருவழி டிக்கெட் ஒரு பவுண்டு மட்டும் குறைவாக இருந்த பழைய அபத்தத்தை நீக்கி, ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலை வைத்தது. கைதட்டி முடிப்பதற்குள் 2024 பிப்ரவரியில் அடுத்த அடி. லண்டனிலிருந்து நியூகாசில், பெரிக், எடின்பரோவுக்குச் சூப்பர் ஆஃப்-பீக் டிக்கெட்டை எடுத்துவிட்டு, ‘70 நிமிட ஃப்ளெக்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய டிக்கெட்டின் விலை நிலையானது. நெரிசலில்லாத நேரத்து எந்த வண்டியிலும் ஏறலாம். அன்று காலை நிலையத்துக்குப் போய் வாங்கினாலும் அதே விலை. புதியதில் ஒரு வண்டியைக் குறித்து வாங்க வேண்டும், அதற்கு முன்பின் 70 நிமிடத்துக்குள் வேறு வண்டியில் ஏறலாம். கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். அதற்கும் மேல் சுதந்திரம் வேண்டுமென்றால் இருப்பதிலேயே விலை கூடிய எனிடைம்தான்.

எளிமை என்ற பெயரில் இதைச் செய்தார்கள். உண்மையில் டிக்கெட் வகை குறைந்தது. பலகையில் மூன்றே வரி. ஆனால் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அழைப்பு வந்து அன்றே நியூகாசிலுக்குக் கிளம்புகிறவருக்கு, அதிகபட்சம் இவ்வளவுதான் ஆகும் என்று உறுதி கொடுத்துவந்த ஒரே டிக்கெட் போய்விட்டது. விமானக் கம்பெனியின் விலைமுறையை ரயிலுக்குக் கொண்டுவந்தது ஒரு தனியார் முதலாளியாக இருந்திருந்தால் நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்திருக்கும். செய்தது அரசு நிறுவனம், முணுமுணுப்போடு முடிந்தது.

மறுதரப்புக்கு ஒரு வலுவான வாதம் இருக்கிறது. முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட்டுகள் காலி இருக்கைகளை நிரப்புகின்றன. மாணவரும் ஓய்வூதியரும் அதனால்தான் நெடுந்தூரம் போக முடிகிறது. எல்லாவற்றையும் கிலோமீட்டர் கணக்கில் சமன் செய்தால் இன்று குறைவாகக் கொடுப்பவர் நாளை அதிகம் கொடுப்பார். சரிதான். தூரக் கணக்குக்குத் திரும்பச் சொல்லி நான் கேட்கவுமில்லை. அதை 1968-இலேயே கைவிட்டது அரசுக்குச் சொந்தமான பிரிட்டிஷ் ரயில்தான். முன்பதிவு மலிவு விலை இருக்கட்டும். அதன் தலைக்கு மேலே நிலையான ஒரு கூரை விலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கூரை வைக்கக் காசு வேண்டும் என்பது அடுத்த வாதம். ஸ்காட்லாந்து இதை நேர்மையாகச் சோதித்துப் பார்த்தது. 2023 அக்டோபரில் ஸ்காட்ரயிலில் நெரிசல் நேரக் கட்டணத்தை நிறுத்திவைத்தார்கள். பயணிகள் 6.8 சதவீதம் கூடினார்கள். செலவு தானே ஈடாக 10 சதவீதம் கூடியிருக்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்று 2024 செப்டம்பரில் பழையதற்கே திரும்பினார்கள். ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 1 முதல், நெரிசல் நேரக் கட்டணத்தை நிரந்தரமாகவே ஒழித்தார்கள். கிளாஸ்கோ–எடின்பரோ போகவர 32.60 பவுண்டாக இருந்தது எந்த நேரத்துக்கும் 16.80 ஆனது. கணக்கு மாறிவிடவில்லை, பணம் போகும் என்று தெரிந்தே எடுத்த அரசியல் முடிவு அது. கட்டணம் என்பது கடைசியில் வரி கட்டுபவருக்கும் பயணிக்கும் நடுவே பாகம் பிரிப்பதுதான் என்பதை அவர்கள் மூடி மறைக்கவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அந்தப் பாகப்பிரிவினையை எப்படிச் செய்து வந்திருக்கிறது? 2004 முதல் 2013 வரை ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டணங்கள் ஆண்டுதோறும் ஆர்.பி.ஐ. விலைவாசிக் குறியீட்டுக்கு மேல் 1 சதவீதம் ஏறின. அந்தக் குறியீடு தேசியப் புள்ளிவிவரத் தகுதியை 2013-இல் இழந்த பின்பும் கட்டணத்துக்கு அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். கார் ஓட்டுபவருக்கான எரிபொருள் வரியோ 2011 முதல் உயரவேயில்லை. 2022-இல் 5 பென்ஸ் குறைந்தது. இந்த ஒழுங்குக்குள் வராத மான்செஸ்டர்–லண்டன் போகவர எனிடைம் 350 பவுண்டையே தாண்டியது. 2025 நவம்பரில் இங்கிலாந்தின் ஒழுங்குபடுத்தப்பட்ட கட்டணங்களை 2027 மார்ச் வரை உயர்த்துவதில்லை என்று அரசு அறிவித்தது. முப்பது ஆண்டில் முதல் முறை, வரவேற்க வேண்டியது. ஆனால் உறையவைத்தது விலையை மட்டும். விதிகள் தொடப்படவில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அரசுடைமை ஆக்கியது சரி. ஏலமுறை தோற்றதற்குக் கிழக்குக் கடற்கரைப் பாதையே மூன்று முறை சாட்சி சொன்னது. ஆனால் பயணியின் பக்கம் நின்று பார்த்தால் இதுவரை நடந்தது பாதிக்கும் குறைவு. ஆர்காட்ஸ் பங்கீட்டுக்கும் ‘எங்கள் வண்டியில் மட்டும்’ டிக்கெட்டுக்கும் இருந்த ஒரே நியாயம் பல முதலாளிகள் என்பதுதான். எல்லா வண்டியும் ஒரே முதலாளிக்கு என்று ஆன பிறகு அவை ஒருநாள்கூட இருக்கக் காரணமில்லை. பிரித்து வாங்கினால் மலிவு என்றால், பிரிக்காமல் கேட்பவருக்கும் அதே விலையைக் கொடுக்கக் கணினிக்குக் கட்டளையிட அரசுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். எண்ணம் பாராத பைலா 18-ஐத் திருத்துவதற்கும் பணம் செலவாகாது. தண்டவாளத்தையும் வண்டிகளையும் ஒன்றாக நடத்தும் அரசு அமைப்பாக கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் வரப்போகிறது, தனக்கென்று டிக்கெட் விற்கும் செயலி கொண்டுவரப்போகிறது என்கிறார்கள். பழைய விதிகளை அழகான திரையில் காட்டும் செயலியால் ஆவது ஒன்றுமில்லை. நிலையான விலையுள்ள ஆஃப்-பீக் டிக்கெட்டை எல்.என்.இ.ஆரிலேயே திரும்பக் கொடுத்துத் தொடங்கினால் நம்பலாம்.

நம் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த வாரமே 16–25 கார்டை வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில், வாரநாள் காலை 10 மணிக்கு முன் குறுந்தூரம் போகிறீர்கள், அட்வான்ஸ் டிக்கெட்டும் இல்லை, முழுக் கட்டணம் 12 பவுண்டுக்குக் குறைவு என்றால், கார்டைப் பைக்குள்ளேயே வையுங்கள். முழு விலை கொடுத்து வாங்குங்கள்.